கையால் செய்யும் சொக்லேட்டுக்கு மண்ணுக்குக் கேடில்லாத பொதி: வன்னியில் இருந்து விற்பவர்களுக்கான முழு வழிகாட்டி

சொக்லேட் செய்யப் பழகிய கையோடு பலர் செய்யும் முதல் வேலை பெட்டி வாங்குவது. அழகான பெட்டி மொத்தமாக வந்து இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும்: சொக்லேட் பெட்டிக்குள் ஆடுகிறது, சுற்றிய தாளில் எண்ணெய் ஊறுகிறது, கிளிநொச்சியில் பஸ்ஸில் ஏற்றியது யாழ்ப்பாணம் போய்ச் சேரும்போது ஒரே கட்டியாகக் கிடக்கிறது.

பெட்டி கடைசிக்குக் கிட்ட வரவேண்டிய வேலை. முதலில் சொக்லேட், பிறகு அது போகும் வழி, பிறகு உறை போய்ச் சேரும் குப்பை, அதன்பின் உள் உறை, பெட்டி, வெளிப்பெட்டி, லேபல். கீழே உள்ள படிகளும் இதே ஒழுங்கில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்கு வேண்டும் என்பதால் தாண்டிப் போகாதீர்கள்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். உருகி வீணாய்ப்போன சொக்லேட்டுக்குள் கொக்கோ, சீனி, பால்மா, எரிவாயு, உங்கள் ஒரு நாள் உழைப்பு எல்லாம் இருக்கின்றன. உறையைச் சிக்கனமாக்கப் போய்ச் சொக்லேட்டைப் பழுதாக்கினால் சுற்றாடலுக்கும் அது லாபமில்லை.

தொடங்குமுன் எடுத்து வைக்கவேண்டியவை

வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சிறிய கருவி ஒன்று, மின் தராசு, அடிமட்டம், கத்திரி, பழைய மட்டை, மண் நிரப்பிய ஒரு பூச்சாடி, எழுதிவைக்க ஒரு கொப்பி. கருவியை மட்டும் தவிர்க்கப் பார்க்காதீர்கள். "இன்றைக்குப் பெரிய வெக்கை இல்லை" என்று நம் உடம்பு சொல்வதைச் சொக்லேட் ஏற்றுக்கொள்ளாது.

1. உங்கள் சொக்லேட் எந்த வகை என்று பாருங்கள்

நீங்கள் வாங்கும் கட்டியின் உறையில் சேர்மானங்களை வாசியுங்கள். கொழுப்பு என்ற இடத்தில் கொக்கோ பட்டர் மட்டும் இருந்தால் அது உண்மையான சொக்லேட். பாம் கேர்னல் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு இருந்தால் கொம்பவுண்ட். கொக்கோ பட்டர் 30 பாகை செல்சியசுக்குக் கீழேயே இளகத் தொடங்கி, 34 பாகை அளவில் முழுதாக உருகிவிடும். கோடையில் வன்னியின் பகல் அதைத் தாண்டுவது சாதாரணம். கொம்பவுண்ட் பெரும்பாலும் கொஞ்சம் கூடத் தாங்கும். இந்த வித்தியாசம் 7ஆம் படியில் வரும் வெளிப்பெட்டியையே மாற்றிவிடும்.

அடுத்தது உள்ளே இருப்பது. கச்சான், கஜு, எள்ளு போட்டதில் எண்ணெய் உண்டு. காற்றும் வெளிச்சமும் பட்டால் காறல் வாடை வரும். பனங்கட்டி போட்டது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கனாஷ், அதாவது சொக்லேட்டில் கிரீம் கலந்த மென்மையான உள்ளீடு, எந்த உறைக்குள்ளும் வெளியில் நிற்காது. அதைத் தூர இடத்துக்கு அனுப்பும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

மணத்தையும் மறக்கக்கூடாது. கொக்கோ பட்டர் பக்கத்தில் இருக்கும் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். முல்லைத்தீவிலிருந்து வரும் பஸ்ஸில் கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்தில் உங்கள் பொதியை வைத்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. வீட்டிலும் கற்பூரம், சாம்பிராணி, சவர்க்காரம் இருக்கும் அலுமாரியில் உறைத் தாளை வைக்காதீர்கள். தாள் மணத்தை ஏற்றுக்கொண்டால் சொக்லேட்டுக்கும் அதைக் கொடுத்துவிடும்.

2. போகும் வழியை எழுதுங்கள்

கொப்பியில் மூன்று வழிக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள்: ஊருக்குள் கையில் கொடுப்பது, கடையில் வைத்து விற்பது, பஸ்ஸிலோ கூரியரிலோ தூரம் அனுப்புவது. ஒவ்வொன்றிலும் எத்தனை மணித்தியாலம், எந்த இடத்தில் அதிக வெக்கை, யார் கைகளில் மாறுகிறது என்று எழுதவேண்டும்.

அதிக வெக்கையான இடம் பெரும்பாலும் பயணத்தில் இருக்காது. நிறுத்தி வைக்கும் நேரத்தில்தான் இருக்கும். வெளியே 34 பாகை என்றால், வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மணித்தியாலத்தில் 50 பாகையையும் எட்டலாம். அந்த வெப்பத்தை எந்தத் தாளாலும் தடுக்க முடியாது. ஆகவே இரவு பஸ்ஸில் அனுப்புவது, பெறுபவரை விடியற்காலையிலேயே வந்து எடுக்கச் சொல்வது, இவை இரண்டும் செலவில்லாத பாதுகாப்பு. புதிதாகத் தொடங்குபவர்கள் பகல் பஸ்ஸில் அனுப்பிவிட்டு உறையைக் குறை சொல்வார்கள்.

வற்றாப்பளை வைகாசிப் பொங்கல், மடுத் திருவிழா போன்ற கூட்டங்களில் தட்டில் பரப்பி விற்கலாம் என்று தோன்றும். என்னைக் கேட்டால் வேண்டாம். முன்கூட்டியே ஓடர் எடுத்து வீட்டில் கொடுங்கள்.

3. உறை கடைசியில் எங்கே போகும்?

"சுற்றாடலுக்கு நல்லது" என்று எழுதி விற்கும் பல பொருட்கள் வேறு இடத்துக்காகச் செய்யப்பட்டவை. நகரத்தில் பிரதேச சபை வண்டியோ நகரசபை வண்டியோ வந்து உக்கும் குப்பையையும் உக்காததையும் பிரித்து எடுக்கலாம். உள்ளே போகப்போக வளவு மூலையில் குழி, இல்லாவிட்டால் நெருப்பு. ஆகவே ஒரு கேள்வி போதும்: சாப்பிட்டவர் இந்த உறையை வளவில் போட்டால், அல்லது சருகோடு சேர்த்துக் கொளுத்தினால் என்ன ஆகும்?

சோளத்திலிருந்து செய்தது என்று விற்கப்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கை இந்தக் கேள்வியோடு பாருங்கள். அது உக்குவதற்கு 58 பாகை அளவு வெப்பத்தைத் தொடர்ந்து வைத்திருக்கும் தொழில்முறைக் கூட்டெருக் கூடம் வேண்டும். வளவுக் குழியில் அந்த வெப்பம் வராது. அது வெகுகாலம் அப்படியே கிடக்கும். தானாக உடைந்து மறையும் என்று விற்கப்படும் ஒக்சோ வகை பொலித்தீன் இன்னும் மோசம். உடைந்து தூளாகும், மண்ணாகாது. கண்ணுக்குத் தெரியாத துண்டாக வயலில் கிடக்கும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 2017 செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன், லஞ்ச் சீற், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி ஆகியவை இலங்கையில் தடை. மெல்லிய பொலித்தீன் பை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

4. சொக்லேட்டைத் தொடும் உறை

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். சொக்லேட்டை நேரே தொடும் உறை நான்கு வேலை செய்யவேண்டும்: எண்ணெய் ஊறாமல், ஈரம் போகாமல், மணம் ஏறாமல், எறும்பு நுழையாமல் காக்கவேண்டும். நான்கையும் முழுதாகச் செய்து உடனே உக்கியும் போகும் ஒன்று கிடையாது. அதனால் 1ஆம் படியில் எழுதியதைப் பார்த்து, உங்கள் சொக்லேட்டுக்கு எது முக்கியம் என்று தெரியவேண்டும்.

*சாதாரண அலுமினியத் தாள்.* ஈரம், வெளிச்சம், மணம் மூன்றையும் இதைவிட நன்றாக எதுவும் தடுக்காது. உக்காது, எரித்தாலும் போகாது. ஆனால் உருக்கி மீண்டும் பாவிக்கலாம். புதிதாக அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதமே அதற்குப் போதும். சிக்கல் என்னவென்றால், சின்னச் சின்னத் துண்டை ஒருவரும் சேர்க்கமாட்டார்கள். அதனால் கச்சான், பனங்கட்டி போட்டதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் "தாளைத் துடைத்து உருண்டையாகச் சேர்த்துத் திருப்பித் தாருங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். வழக்கமாக வாங்குபவர்கள் தருவார்கள். கைப்பந்து அளவு சேர்ந்த பிறகு பழைய அலுமினியம் வாங்குபவரிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

*கிளாசின் தாள்.* மரக்கூழை நன்றாக அழுத்திச் செய்த வழுவழுப்பான, பாதி ஒளி ஊடுருவும் தாள். பூச்சு இல்லாததாக இருந்தால் எண்ணெயை நன்றாகத் தடுக்கும், வளவிலும் உக்கும். ஈரத்தை அவ்வளவு தடுக்காது. எதுவும் கலக்காத கறுப்புச் சொக்லேட்டைக் கோடையில் சுற்ற இது போதும். மாரியில், அதாவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, இது மட்டும் போதாது.

*ஒயில் பேப்பர்.* கேக் துண்டு சுற்றும் அதே தாள். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு வேறு பொருள். சிலதில் பெற்றோலியத்திலிருந்து வரும் பரபின் மெழுகு பூசியிருக்கும், சிலதில் பிளாஸ்டிக் படலம் இருக்கும். 5ஆம் படியின் சோதனைக்குப் பிறகுதான் வாங்கவேண்டும்.

*தேன்மெழுகுத் தாள்.* வன்னியில் காட்டுத்தேன் எடுப்பவர்கள் உள்ள ஊர் என்றால் இதைச் செய்து பார்க்கலாம். வடித்துச் சுத்தமாக்கிய தேன்மெழுகை உருக்கி, அச்சில்லாத மெல்லிய தாளில் மெல்லப் பூசி, மேலே இன்னொரு தாள் வைத்து இஸ்திரிக்கை போட்டால் சீராகப் பரவும். தேன்மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் நம் வெயிலுக்குத் தாங்கும். தேனின் மணம் சற்று ஏறும். பிடிக்கிறதா என்று வாங்குபவர் சொல்லட்டும்.

*செலோபேன்.* உண்மையான செலோபேன் மரக்கூழிலிருந்து செய்யப்படுவது. பூச்சில்லாதது உக்கும். ஆனால் கடையில் அந்தப் பெயரில் தருவது பெரும்பாலும் பொலிபுரப்பிலீன் பிளாஸ்டிக். சோதிக்காமல் நம்பவேண்டாம்.

இனி ஒருபோதும் வேண்டாதவை. பத்திரிகைத் தாள், அச்சடித்த கொப்பித் தாள்: மையிலுள்ள எண்ணெய்கள் சொக்லேட்டின் கொழுப்புக்குள் ஏறும். பழைய தாளை மீளக் கூழாக்கிச் செய்த சாம்பல்நிற மட்டையிலும் அதே மை மிச்சம் இருக்கலாம். அதைப் பெட்டிக்குப் பாவிக்கலாம், சொக்லேட்டைத் தொடவிடக்கூடாது. "மீள்சுழற்சி செய்தது, ஆகவே நல்லது" என்று அதையே உள்ளேயும் போட்டுச் சுற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் கடுதாசியும் பிளாஸ்டிக்கும் ஒட்டி மினுங்கும் தாள் வேண்டாம். பிரிக்கவும் முடியாது, உக்கவும் உக்காது, உருக்கவும் முடியாது.

5. கடைக்காரர் சொன்னதை வீட்டில் சோதியுங்கள்

மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் வேறு கடை பாருங்கள். சோதனைகள் இவை:

கசக்கும் சோதனை: மினுங்கும் தாளைக் கையில் கசக்கிவிடுங்கள். கசங்கியபடியே நின்றால் அலுமினியம். மெல்ல விரிந்து வந்தால் பிளாஸ்டிக்கில் உலோகம் பூசியது.

ஊறவைக்கும் சோதனை: தாளை இரவு முழுதும் தண்ணீரில் போட்டு, காலையில் விரலால் தேயுங்கள். கூழாகிப் போனால் தாள். கூழ் கழன்று மெல்லிய தோல் ஒன்று மிஞ்சினால் பிளாஸ்டிக் படலம் உண்டு. தாளைக் கிழித்து விளிம்பைப் பார்த்தாலும் அந்தத் தோல் இழுபட்டுத் தெரியும்.

நெருப்புச் சோதனை: வெளியில், காற்றோட்டமான இடத்தில், இடுக்கியில் பிடித்து மிகச் சிறிய துண்டைக் கொளுத்துங்கள். உண்மையான செலோபேன் கடுதாசி போல எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருங்கி, உருகி, குண்டுமணியாக உறையும். சிறுவர்களை விட்டு இதைச் செய்யாதீர்கள்.

எண்ணெய்ச் சோதனை: ஒரு சொக்லேட்டைச் சுற்றி, கீழே வெள்ளைத் தாள் வைத்து, வீட்டின் வெக்கையான மூலையில் ஒரு நாள் விடுங்கள். வெள்ளைத் தாளில் வட்டம் தெரிந்தால் அந்த உறை பெட்டியையும் லேபலையும் சேர்த்துக் கெடுக்கும்.

மண் சோதனை: பூச்சாடியில் புதைத்து, மண் காயாமல் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கிளறிப் பாருங்கள். நேரம் எடுக்கும்தான். அதனால்தான் இதை முதல் கிழமையே தொடங்கவேண்டும்.

6. பெட்டி

சுற்றிய சொக்லேட்டை அளந்த பிறகே பெட்டி. உதாரணத்துக்கு 3 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரமான துண்டு என்றால், 10 செ.மீ. சதுரத் தாள் மடிப்போடு போதும். 30 செ.மீ. அகலமான ரோலில் குறுக்காகச் சரியாக மூன்று சதுரம் வரும், வெட்டு வீணாகாது. ஆறு துண்டுகளை இரண்டுக்கு மூன்றாக அடுக்க, உள்ளளவு 7 க்கு 10 செ.மீ., உயரம் 2 செ.மீ. ஆடாமல் இருக்கும். ஆடினால் முனை உடையும், பிறகு இடைவெளியை அடைக்க இன்னொரு பொருள் தேடவேண்டி வரும். பழைய மட்டையில் ஒரு மாதிரிப் பெட்டி வெட்டி மடித்து, குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அச்சகத்துக்குப் போங்கள்.

அச்சகத்தில் மூன்று விடயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: லமினேட் போடவேண்டாம், பிளாஸ்டிக் ஜன்னல் வேண்டாம், பசை போடாமல் மடிப்பிலேயே பூட்டும் வடிவம் வேண்டும். லமினேட் என்பது மட்டையின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம். போட்டவுடன் மட்டை உக்காத பொருளாகிவிடும். சொல்லாவிட்டால் "பளபளப்பாக இருக்கும்" என்று அவர்களாகவே போட்டுத் தருவார்கள்.

பனையோலைப் பெட்டியை விட்டுவிட்டு வன்னியில் பொதியைப் பற்றிப் பேச முடியாது. பனங்கட்டிக்குக் குட்டான் இழைத்த ஊர் இது. சிறிய மூடல்பெட்டி சொக்லேட்டுக்கு நன்றாகப் பொருந்தும்; சாப்பிட்டு முடிந்ததும் ஊசி நூல் போடவோ சில்லறைக் காசு போடவோ எடுத்து வைப்பார்கள். எறிந்தாலும் மண்ணுக்குப் போகும். ஆனால் நாலு கவனம் வேண்டும்.

ஒன்று, ஓலை நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் மூடிய பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மாரிக்கு வேண்டியதைக் கோடையிலேயே இழைப்பித்து, வெயிலில் போட்டு எடுத்து, காற்றுப் புகாத தகரப் பெட்டியில் வையுங்கள். இரண்டு, சாயம் போட்ட ஓலை உள்ளே சொக்லேட்டில் படக்கூடாது. கொழுப்பில் சாயம் கழன்று வரலாம். மூன்று, இழையிடை வழியே எறும்பு போகும். எனவே ஓலைப்பெட்டிக்குள் சொக்லேட்டை வெறுமனே வைக்கவே கூடாது. 4ஆம் படியின் உறையோடு தான் வைக்கவேண்டும். நான்கு, அளவு. கையால் இழைப்பதில் ஒவ்வொரு பெட்டியும் கொஞ்சம் மாறும். மரத்தில் ஓர் அச்சுக்கட்டை செய்து இழைப்பவரிடம் கொடுத்தால் அந்தப் பிரச்சினை தீரும். விலை பேசும்போது அவருடைய நேரத்தையும் கணக்கில் எடுங்கள். மட்டைப்பெட்டி விலைக்கு ஓலைப்பெட்டி கேட்பது நியாயமில்லை.

ஊருக்குள் வாராவாரம் வாங்குபவர்களுக்கு இரண்டும் வேண்டாம். தகரப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, அடுத்த முறை காலியாக வாங்கி நிரப்புங்கள். கடைகளுக்கும் இதுவே வழி.

7. வெயிலைத் தாங்கும் வெளிப்பெட்டி

தூரம் அனுப்புவதற்குப் பலர் ரெஜிபோம் பெட்டி தேடுவார்கள். நம்மிடம் அதைவிட நல்லது அரிசி ஆலையில் குவிந்து கிடக்கிறது: உமி. வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். செய்முறை லேசானது. உமியைப் புடைத்துத் தூசு நீக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பழைய பருத்தித் துணியில் தட்டையான பைகளாகத் தைத்து நிரப்புங்கள். பெரிய மட்டைப்பெட்டிக்குள் ஆறு பக்கமும் இந்தப் பைகளை வைத்து, நடுவில் சொக்லேட் பெட்டி. பை விரல் தடிப்புக்குக் குறைந்தால் பயன் இல்லை; இரண்டு விரல் தடிப்பு வேண்டும். உமியைப் பையில்லாமல் கொட்டினால் தூசு எல்லாவற்றிலும் ஏறும், பூச்சியும் வரும்.

உமி குளிராக்காது, உள்ளே உள்ள குளிரைக் காக்க மட்டுமே செய்யும். கோடையில் உண்மையான சொக்லேட் அனுப்பும்போது உறையவைத்த சிறிய தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, சொக்லேட் பெட்டியைத் தொடாதபடி ஒரு மட்டை இடையில் வைத்து அனுப்புங்கள். போத்தல் வியர்க்கும், துணி அதைக் குடிக்கும். பெறுபவர் பையையும் போத்தலையும் அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பினால் ஒரு கழிவும் இல்லை.

8. லேபல்

சுருக்கமாக: கடுதாசி லேபல், சணல் அல்லது பருத்தி நூல், ரப்பர் முத்திரை. பிளாஸ்டிக் ரிப்பன், மினுக்கத் தூள் வேண்டாம். கோதுமைமாப் பசை நன்றாக ஒட்டும், ஆனால் கரப்பான் பூச்சிக்கு அது விருந்து; மெல்லப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். முத்திரை மை வெளிப்பெட்டியில் மட்டும்.

பெயர், சேர்மானங்கள், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் முகவரி ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். பால், கச்சான், கஜு, சோயா லெசிதின் இருந்தால் தெளிவாகத் தெரியவேண்டும்; ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப்பிரச்சினை. அச்சடிக்குமுன் மாதிரியை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். அச்சடித்த பிறகு காட்டி, மொத்தத்தையும் மாற்றவேண்டி வந்தவர்கள் உண்டு.

9. பொதி செய்யும் நேரம்

நல்ல உறையையும் கெடுக்கும் பிழை இங்கேதான் நடக்கும். பிரிஜ்ஜில் இருந்து எடுத்த கையோடு சுற்றுவார்கள். வெளியே 32 பாகை, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 26 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பொருளிலும் நீர் படியும். அந்த நீர் சீனியைக் கரைத்து, காய்ந்ததும் வெள்ளைப் படலமாக நிற்கும். வாங்குபவர் அதைப் பூஞ்சணம் என்று நினைப்பார்.

சொக்லேட்டை மூடிய டப்பாவோடு வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல், டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை வையுங்கள். அறை கொக்கோ பட்டருக்கு அதிக வெக்கை என்றால் அதிகாலையில் செய்யுங்கள். விடியுமுன் நான்கு ஐந்து மணிக்குத்தான் நம் வீடுகளில் குறைந்த வெப்பம் இருக்கும். கை துடைத்து உலர்ந்திருக்கவேண்டும். மாரியில் மழை பெய்துகொண்டிருக்கும்போது தாள் ரோலைத் திறந்து வைக்கவேண்டாம். தாளும் ஈரம் குடிக்கும்.

10. ஒத்திகை பார்த்து, குறைவாக வாங்குங்கள்

முழுப் பொதியையும் தெரிந்த ஒருவருக்கு உண்மையான வழியிலேயே அனுப்புங்கள். உள்ளே வெப்பக் கருவியையும் போட்டுவிடுங்கள். பல கருவிகள் எட்டிய உச்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும். பெற்றவர் பிரிக்குமுன்னும் பிரித்த பின்னும் படம் அனுப்பட்டும். முனை உடைந்ததா, எண்ணெய் ஊறியதா, மணம் ஏறியதா, உறையைப் பிரிக்கச் சிரமமா என்று கேளுங்கள். கோடையில் ஒன்று, மாரியில் ஒன்று வேண்டும். ஒரு பருவத்தில் தேறியது மற்றதில் தேறும் என்று எண்ணவேண்டாம்.

விலையையும் இப்போதுதான் கணக்குப் போடுங்கள். தாள், பெட்டி, நூல், லேபல், பசை, சுற்ற எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு துண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். நூலையும் நேரத்தையும் பலர் விட்டுவிடுவார்கள். கூட்டுத்தொகை அதிகம் என்று தெரிந்தால் முதலில் வெட்டவேண்டியது வெளி அலங்காரம், அடுத்து பெட்டியின் அளவு. உள் உறையில் கைவைக்காதீர்கள்.

முதல் கொள்வனவு ஒரு மாதத் தேவைக்கு மேல் போகக்கூடாது. அச்சகம் கூட எடுத்தால் விலை குறையும் என்று சொல்லும். லேபலில் ஒரு சேர்மானம் மாறினால் அந்த மிச்சம் முழுவதும் குப்பை, ஆகவே பெட்டியைப் பெயர் மட்டும் போட்டு அச்சடித்து, மாறக்கூடிய விபரங்களைச் சிறிய கடுதாசித் துண்டில் தனியே ஒட்டுங்கள்.